தீவகம் மறவாத மென்குரல்

மின்சாரம் எட்டாத வீடுகளிலும் பாட்டு எட்டியிருந்த காலம் ஒன்று எமது தீவகத்துக்கு இருந்தது. 1950ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின்னர், கொழும்பிலிருந்து எழுந்த ஒலி கடல் கடந்து ஊர்காவற்றுறைக்கும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வந்து சேர்ந்தது. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரையும் பாடியவரின் பெயரையும் சொல்லிவிட்டே பாடலை ஒலிக்கவிடுவார்கள். அவ்வாறு எம்மவர் செவிகளில் பதிந்த பெயர்களுள் ஒன்று ஏ. எம். ராஜா.

1929ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டத்து இராமாபுரத்தில் பிறந்த ராஜா, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றவர். ஜெமினி நிறுவனத்தின் 'சம்சாரம்' (1951) அவரைத் திரையிசைக்கு அழைத்து வந்தது. உச்சத்தில் ஏறி உரத்துப் பாடுவதே ஆண் குரலுக்கு இலக்கணம் என்றிருந்த நாளில், பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல் அவர் பாடினார். ஒலிவாங்கி வந்தபின் உரத்த குரலுக்குத் தேவையில்லை என்பதை உணர்ந்து பாடியவர் அவர். 'மிஸ்ஸியம்மா'வும் (1955) 'அலிபாபாவும் நாற்பது திருடர்களும்' (1956) அந்த மென்மையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளிலும் பாடினார். தென்னிந்தியக் கலையகங்களில் சிங்களப் படங்கள் உருவான நாளில் சிங்களத்திலும் பாடியதால், இந்நாட்டின் இரு மொழியாருக்கும் அவர் அறிமுகமானார். பாடகி ஜிக்கி அவருடைய வாழ்க்கைத் துணைவியானார்.

1959இல் ஸ்ரீதர் இயக்கிய முதற் படமான 'கல்யாண பரிசு' ராஜாவை இசையமைப்பாளராக நிலைநிறுத்தியது. பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் எழுதிய பாடல்களுள், காதலில் தோற்ற மனத்தைச் சொல்லும் பாடல் தனித்து நின்றது. நாயகிக்காகப் பி. சுசீலாவும் நாயகனுக்காக ராஜாவும் அதனைத் தனித்தனியே பாடினர். தமக்கைக்காகத் தன் காதலைத் துறக்கும் பெண்ணின் கதை அது. அழுகையை வலிந்து வரவழைக்காமல், துயரத்தை அடக்கிச் சொல்வதே அப்பாடலின் வலிமை.

அந்த அடக்கத்தை எமது தீவகம் நன்கறியும். தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்துப் பிழைத்த ஆடவர் பலரின் ஊர் இது. திருவிழாவுக்கும் நன்மை தீமைக்கும் அவர்கள் வந்து திரும்புவார்கள். வீட்டில் இருப்போர் அடுத்த வருகைக்காகக் காத்திருப்பார்கள். பிரிவைப் பெரிதாகப் பேசாத அந்த மனிதருக்கு ராஜாவின் குரல் அந்நியமாக இருந்திருக்க முடியாது.

'விடிவெள்ளி' (1960), 'தேன் நிலவு' (1961), 'ஆடிப்பெருக்கு' (1962) ஆகிய படங்களுக்கும் ராஜா இசை தந்தார். ஆயினும், 'தேன் நிலவு' நாள்களில் ஸ்ரீதருக்கும் அவருக்கும் இடையே மனத்தாங்கல் ஏற்பட்டது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) விஸ்வநாதன் - ராமமூர்த்தியின் இசையில் வந்தது. ஜெமினி கணேசனுக்கான பாடல்கள் பி. பி. ஸ்ரீநிவாஸின் குரலுக்குச் சென்றன. தமக்குச் சரியெனப் பட்டதில் விட்டுக்கொடாத இயல்பு ராஜாவுக்கு உண்டு. அவ்வியல்பே அவருடைய இசையைச் செம்மையாக்கியது. அதுவே அவரைப் படவுலகிலிருந்து விலக்கியும் வைத்தது. 1970களில் சில படங்களில் மீண்டும் அவரைக் கேட்க முடிந்தது. மேடைக் கச்சேரிகளே பின்னாளில் அவருக்குத் துணையாயின.

1989 ஏப்ரலில் கச்சேரி ஒன்றுக்குச் சென்ற வழியில், வள்ளியூர் புகைவண்டி நிலையத்தில் நேர்ந்த விபத்தில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 59.

அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் போர் எமது தீவகத்தின் பெரும்பகுதியை வெறுமையாக்கியது. வீடுகளும் வானொலிப் பெட்டிகளும் கைவிடப்பட்டன. பாட்டு மட்டும் நெஞ்சில் ஏறி மக்களோடு புறப்பட்டது. புலம்பெயர்ந்த நாடுகளிலும் அது அவர்களோடு வாழ்கிறது.

இன்று அதே பாடல்கள் கைபேசியில் நொடியில் கிடைக்கின்றன. ஆனால் பாடியவர் யார், எழுதியவர் யார், இசை தந்தவர் யார் என்று சொல்ல அறிவிப்பாளர் இல்லை. பெயரற்ற ஒலியாகப் பாட்டு வந்து போகிறது. தமது கலைக்குரிய மதிப்பை எவரிடமும் விட்டுக்கொடாது வாழ்ந்த ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய நன்றி பெரிதொன்றுமில்லை. பிள்ளைகள் அருகிருக்க அப்பாடலைக் கேட்கும்போது, பழைய அறிவிப்பாளர்கள் செய்ததுபோல், முதலில் அவர் பெயரைச் சொல்வோம்.