சுடாத துப்பாக்கி

ஒரு படைக்கருவியின் பெருமையை அது வீழ்த்திய உயிர்களின் எண்ணிக்கையால் அளப்பதே உலக வழக்கு. சுடாமல் விட்ட ஒரு கணத்தால் நினைக்கப்படும் துப்பாக்கியும் வரலாற்றில் உண்டு. அதனை வடிவமைத்தவரும் போர்க்களத்தில் ஏந்தியவரும் ஸ்காட்லாந்து வீரர் பாட்ரிக் பெர்குசன் ஆவார்.

1744ஆம் ஆண்டு பிறந்த பெர்குசன், 1759இல் பிரித்தானியப் படையிற் சேர்ந்தார். அக்காலத் துப்பாக்கிகளில் குழலின் வாய்வழியே வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் இட்டுக் கோலால் இடித்தல் வேண்டும். அதற்கு வீரன் பெரும்பாலும் எழுந்து நிற்க நேரும். நின்றவன் பகைவர்க்கு இலக்காவான். முன்னோர் சிலர் முயன்ற ஒரு முறையைச் செம்மைப்படுத்தி, குழலின் அடிப்புறத்தே திருகு ஒன்றை அமைத்தார் பெர்குசன். விசையைக் காக்கும் வளையத்தைச் சுழற்றினால் துளை திறக்கும். குண்டும் மருந்தும் இட்டு மீளச் சுழற்றினால் மூடிக்கொள்ளும். படுத்தவாறே இதனைச் செய்யலாம். 1776ஆம் ஆண்டு சூன் திங்களில், மழையும் காற்றும் வீசிய ஒரு நாளில், வுல்விச்சில் நிமிடத்திற்கு நான்கு முறை சுட்டுக் காட்டிப் படைத்தலைவர்களை வியப்பில் ஆழ்த்தினார். அவ்வாண்டே காப்புரிமையும் பெற்றார். ஏறத்தாழ 100 துப்பாக்கிகள் படைக்கெனச் செய்யப்பட்டன.

அப்போது அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. 1777 செப்டம்பர் 11 அன்று, பென்சில்வேனியாவின் பிராண்டிவைன் ஆற்றருகே பெர்குசன் தம் வீரருடன் காட்டோரம் மறைந்திருந்தார். பகைப்படை அதிகாரி ஒருவர் குதிரைமீது அருகே வந்தார். அழைத்தும் நில்லாது, திரும்பி மெல்லச் சென்றார். விரைந்து பல குண்டுகளைப் பாய்ச்ச வல்ல கருவி கையில் இருந்தது. ஆயினும், தமக்குத் தீங்கு செய்யாது தம் கடமையை அமைதியாக ஆற்றுபவரின் முதுகிற் சுடுவதற்குப் பெர்குசனின் மனம் இசையவில்லை. அதே போரில் பகைவர் குண்டொன்று அவரது வலது முழங்கையைச் சிதைத்தது. சென்றவர் சார்ச் வாசிங்டனாக இருக்கலாம் என்று பின்னர்க் கேள்வியுற்றார்; அஃது இன்றளவும் உறுதிப்படவில்லை. அவர் இன்னாரென அப்போது அறியாதிருந்தமைக்கு வருந்தவில்லை என்றே பெர்குசன் மடலில் குறித்தார்.

வலக்கை பயனற்றுப் போகவே, இடக்கையால் எழுதவும் வாள் வீசவும் பழகினார். 1780இல் கரோலினா எல்லைப்புறக் குடிகளின் ஊர்களை நெருப்பாலும் வாளாலும் அழிப்பதாக அச்சுறுத்தினார். அந்தக் கடுஞ்சொல்லே அவர்களை அவருக்கு எதிராகத் திரட்டிற்று. அக்டோபர் 7 அன்று, கிங்சு மவுண்டன் என்னும் குன்றில் அவர்கள் அவரைச் சூழ்ந்தனர். வாய்வழி நிரப்பும் பழைய துப்பாக்கிகளே அவரது உடலைத் துளைத்தன. அவர் வீழ்ந்தபின் சரணடைந்த வீரர்மீதும் சிறிது நேரம் குண்டுகள் பாய்ந்தன.

புறங்கொடுத்தோர்மேல் படை ஓச்சாத பேராண்மையைப் புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சி என்னும் துறையாக வகுக்கிறது. அதனை ஒத்த அறத்தைப் பெர்குசனின் கை ஒருநாள் காத்தது. பின்னொரு நாள் அவர் நா அதனை மறந்தது. கருவியை எவரும் செம்மைப்படுத்தலாம். அதனை ஏந்தும் நெஞ்சையோ ஒவ்வொரு நாளும் செம்மைப்படுத்துதல் வேண்டும்.