புக்கர் வாஷிங்டனும் நாட்டுப்புறப் பள்ளிகளும்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய பெரியார் புக்கர் வாஷிங்டனை நம் மாணவர் பலர் அறிவர். அடிமையாய்ப் பிறந்தவர் ஒரு பெருங் கல்விநிலையத்தை நிறுவிய வரலாற்றை அவர்தம் சுயசரிதையிற் படித்தோரும் நம்மிடையே உளர். ஆயினும் தம் வாழ்நாளின் இறுதி மூன்றாண்டுகளில் அவர் தொடக்கிவைத்த நாட்டுப்புறப் பள்ளிப் பணியை அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

வேர்ஜீனியா மாநிலத்துத் தோட்டமொன்றில் 1856இற் பிறந்த வாஷிங்டன், 1865இல் அடிமைத்தளை நீங்கியபின் உப்புக் காய்ச்சும் உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தவாறே எழுத்தறிந்தார். 1872இல் ஏறக்குறைய 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் கல்விநிலையத்தை, வழியிற் பெரும்பகுதியை நடந்தே கடந்து, அடைந்தார். ஓர் அறையைப் பெருக்கித் துடைத்துக் காட்டியதே அவருக்கு நுழைவுத் தேர்வாயிற்று. 1881இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகி என்னும் ஊரில், 30 மாணவரோடு பாழ்ங்குடிலொன்றிற் பள்ளி தொடங்கினார். செங்கற்சூளை மும்முறை பாழாகவே, தம் கடிகாரத்தை அடகுவைத்து நான்காம் முறை முயன்ற செய்தி பலரும் அறிந்ததே, விரிப்பிற் பெருகும்.

அவ்வாண்டில் அயற்கிராமங்களைச் சுற்றிவந்தபோது அவர் கண்ட காட்சிகள் நெஞ்சை உருக்குவன. உழவர்தம் பிள்ளைகள் மரக்குடில்களிலும் தேவாலயங்களிலும் இருந்து கற்றனர். ஒரே நூலை ஐவர் சூழ்ந்து படித்த பள்ளியும் இருந்தது. பொதுப் பணத்திற் பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்கே சென்றது. டஸ்கீகியில் ஆசிரியரைப் பயிற்றி அனுப்பினாலும் அவர் நின்று கற்பிக்க ஒரு கூரை வேண்டுமன்றோ? பயிற்சி பெற்று வெளிவந்த ஆசிரியர் எவரும் இக்குறையின் ஆழத்தை எளிதில் உணர்வர்.

1912இற் சிக்காகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட், தம் 50ஆம் பிறந்தநாளையொட்டி, டஸ்கீகியின் வழியில் எழுந்த கல்விநிலையங்களுக்கென 25,000 டொலர் வழங்கினார். அதில் எஞ்சிய சிறுதொகையைக் கொண்டு அயற்கிராமங்களில் ஆறு பள்ளிகள் அமைக்க வாஷிங்டன் இசைவு பெற்றார். அவற்றுள் முதலாவது லொச்சபோக்கா என்னும் ஊரில் 1913இல் எழுந்தது. கட்டடப் படங்களை வரைந்தளித்தவர்களுள் டஸ்கீகியின் கட்டடக் கலைஞர் றொபேட் டெயிலர் முதன்மையானவர். மின்விளக்கற்ற ஊர்களாதலின், கிழக்கு மேற்காக வரிசை வரிசையாய்ப் பெருஞ் சாளரங்கள் அமைக்கப்பட்டன.

இப்பணியின் உயிர்நிலை ஒரு நிபந்தனையிலே இருந்தது. கொடையாளி முழுச்செலவையும் ஏலார். ஊராரும் தம் பங்கைத் தருதல் வேண்டும். குத்தகைக்கு உழுத ஏழைகள் நிலமும் மரமும் உடலுழைப்பும் ஈந்தனர். பள்ளிக்கென்று தனியே பருத்தி விளைவித்தனர். அலபாமாக் கிராமமொன்றில், அடிமைக்காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர், தம் வாழ்நாட் சேமிப்பான 38 டொலரையும் பழம் பையொன்றினின்று மேசைமீது கொட்டினார். பிடியரிசி சேர்த்துப் பள்ளி வளர்த்த ஊர்களிற் பிறந்த நமக்கு அக்காட்சி அந்நியமன்று.

எனினும் ஒன்று கூறாதுவிடல் நேர்மையாகாது. அம்மக்கள் வரி செலுத்தியோர். பிறர்க்கு இலவசமாய்க் கிடைத்த பள்ளிக்காக அவர்கள் மீண்டும் பொருள் கொடுத்தனர். கொடுத்தபின் நிலவுறுதியும் வெள்ளையர் ஆண்ட கல்விச் சபையின் பெயருக்கே எழுதப்பட்டது. இனப் பிரிவினையை நேர்நின்று எதிராது பொறுமை காட்டியமைக்காக வாஷிங்டனை டுபோய்ஸ் என்னும் அறிஞர் 1903இலேயே கடிந்து எழுதியிருந்தார். அக்கண்டனத்தை நாம் புறக்கணிக்கவியலாது. ஆயினும் நீதி வரும்வரை காத்திருப்பின், அன்று ஆறு வயதினனாயிருந்த குழந்தை எழுத்தறியாமலே முதுமையடைந்திருக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை.

வாஷிங்டன் 1915 நவம்பர் 14ஆம் நாள் டஸ்கீகியிற் காலமானார். ஆறாய்த் தொடங்கிய பள்ளிகள் 1932இல் 15 மாநிலங்களில் 4,977 ஆயின. கறுப்பின மக்கள் தாமே ஈந்த தொகை 47 இலட்சம் டொலருக்கு மேற்பட்டது; ரோசன்வால்ட் நிதியின் கொடையோ அதனினும் சிறிது குறைவு. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு மாறானதென 1954இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன. எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றுட் பலவற்றை அங்குப் பயின்ற பழைய மாணவர்களே முன்னின்று பழுதுபார்த்துக் காத்துள்ளனர்.