மொண்டிசோரி அம்மையார் கண்ட பசி

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய நம் கரையோர ஊர்களிற் சின்னஞ்சிறார் பாடசாலையை மொண்டிசோரி என வழங்குவது உண்டு. அப்பெயர்க்குரிய அம்மையார் முதலில் மனநோய் வைத்தியத்துறையில் உழைத்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

மரியா மொண்டிசோரி 1870 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 ஆம் நாள் இத்தாலியிலே கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். 1896 இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் அப்பல்கலைக்கழகத்து மனநோய் நிலையத்திற் பணிபுரியுங்கால், மனநோயாளர் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அறிவு வளர்ச்சி குன்றிய சிறாரும் அந்நாளில் அங்கேயே அடைக்கப்பட்டிருந்தனர்.

அத்தகைய விடுதியொன்றில், உணவு முடிந்ததும் சிறார் தரையிற் கிடந்த பாண் துணுக்குகளைப் பாய்ந்து பொறுக்கினர் என்பர் வரலாறு எழுதினோர். காவற்பெண் அதனைப் பெருந்தீனி என்று அருவருத்தாள். அம்மையார் அறையைச் சுற்றி நோக்கினார். கையால் எடுத்து விளையாட அங்கு ஒரு பொருளும் இல்லை. அச்சிறாரை வருத்தியது உள்ளத்தின் பசி என்று தெளிந்தார்.

அதன்பின் இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு அறிஞர்தம் நூல்களை ஆழ்ந்து கற்றார். 1898 இல் துரின் நகர மாநாட்டில், இச்சிறாருக்கு மருந்தினும் கல்வியே முதன்மையானது என வாதித்தார். 1900 இல் ரோமாபுரியில் அவர்களுக்கென எழுந்த பயிற்சிப் பள்ளியை இணைந்து நடத்தினார். அங்குப் பயின்றோருட் சிலர் ஏனைய பிள்ளைகளோடு ஒருங்கிருந்து எழுத்து வாசிப்புப் பரீட்சையிலே தேறினர். அங்குக் கண்ட முறையே 1907 இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்கு அடிப்படையாயிற்று. 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். 1952 மே 6 ஆம் நாள் ஒல்லாந்து நாட்டிற் காலமானார்.

காவற்பெண்ணின் பிழை இன்றும் நம்மிடையே உண்டு. அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞரை மனச்சோர்வும் பதகளிப்பும் ஏனையோரினும் மிகுதியாகப் பற்றும் என்பது இன்றைய வைத்தியர் கண்ட உண்மை. துயரைச் சொல்லால் உரைக்க இயலாதவர் உறக்கம் இழப்பர், உணவை வெறுப்பர், பழகிய வேலையைக் கைவிடுவர், தம்மைத் தாமே அடித்துக்கொள்வர். நாமோ அவையெல்லாம் அக்குறைபாட்டின் இயல்பே என்று வாளா இருந்துவிடுகிறோம். நோய் வளர்கிறது.

அப்பிள்ளை முன்னர் எவ்வாறு இருந்தான், எப்போது மாறினான், வீட்டில் யாரைப் பிரிந்தான், உடம்பில் எங்கேனும் நோவு உண்டோ என்று தாயையும் ஆசிரியரையும் உசாவுதலே ஆய்வின் முதற்படி. அவனுக்குத் தெரிந்த எளிய சொற்களாலும் படங்களாலும் அவனையே வினவுதலும் வேண்டும். நாள்தோறும் அவன் முகம் காணும் ஆசிரியரே அம்மாற்றத்தை முதலில் அறியத்தக்கவர். அதனைக் குறித்துவைத்து, காலந்தாழ்த்தாது வைத்தியருக்கு அறிவித்தல் அவர்தம் கடனாகும்.