தஞ்சைச் சுவார்ட்ஸ் ஐயர்

திருச்சபைச் சரித்திரத்திலே புகழ்பெற்ற பெரியோரின் திருவுருவங்களைச் சித்திரத்திலும் சிற்பத்திலும் அமைத்து, பின்வரும் சந்ததியார் கண்டு பயன்பெறும்படி வைத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அங்ஙனம் அமைந்தவற்றுள் நம் தமிழ்நாட்டுக்கே உரிய இரண்டு பளிங்குச் சிற்பங்கள் தனிச் சிறப்புடையன. ஒன்று சென்னைக் கோட்டையிலுள்ள பரிசுத்த மரியாள் ஆலயத்தில் இருக்கின்றது. அதனை அமைப்பித்தோர் கிழக்கிந்தியக் கம்பெனியார். மற்றொன்று தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள கிறிஸ்து ஆலயத்தில் இருக்கின்றது. அதனை அமைப்பித்தவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. வணிகக் கூட்டத்தார் ஒருபுறமும், இந்து சமயத்து அரசர் ஒருபுறமும் நின்று கல்லிலே நிலைநாட்டிய அவ்வுருவம் ஒருவருடையதே. அவரே கிறிஸ்தியான் பிரெதெரிக் சுவார்ட்ஸ் ஐயர். அவருடைய சரிதத்தைச் சுருக்கமாய் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

சுவார்ட்ஸ் ஐயர் 1726 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிரஷிய நாட்டைச் சேர்ந்த சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டின் எல்லைக்குள் இருக்கின்றது. இவருடைய இளமையிலேயே அன்னையார் காலமானார். மகனை இறைபணிக்கென ஒப்புவித்தேன் என்று கணவரிடம் கூறிவிட்டே அவ்வம்மையார் உயிர் நீத்தனர் என்பர்.

பின்னர் இவர் ஹாலே நகரத்துச் சர்வகலாசாலையை அடைந்தார். அங்கே இவருக்கு வாய்த்த வாய்ப்பு வியப்பிற்குரியது. சென்னையில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ச்சு ஐயர் தமிழ் வேதாகமத்தை அச்சிடும் வேலையில் ஈடுபட்டிருந்தார். அவ்வேலைக்குத் துணையாகும் பொருட்டே சுவார்ட்ஸ் தமிழ் எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினார். அச்சுப்பிழை திருத்துவதற்கென்று கற்ற மொழியே அவரைக் கடல் கடக்கச் செய்து, ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் தமிழ் மண்ணிலே நிலைபெறச் செய்தது. தமிழ் பயிலும் மாணாக்கராகிய நமக்கு இச்செய்தி மிக்க மகிழ்ச்சி தருவதன்றோ?

தரங்கம்பாடியும் திருச்சிராப்பள்ளியும்

1749 ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரில் குருப்பட்டம் பெற்று, 1750 ஆம் ஆண்டு தரங்கம்பாடியை வந்தடைந்தார். சீகன்பால்கு ஐயர் 1706 இல் வித்திட்ட மிஷன் அது. வந்த சில மாதங்களுக்குள்ளாகவே தமிழிற் பிரசங்கிக்கும் ஆற்றல் எய்தினார். தமிழோடு அமையாது, அரசவையிற் பேசுதற்குப் பாரசீகமும், தஞ்சை அரண்மனையார் பேசும் மராத்தியும், படைவீரர் பேசும் இந்துஸ்தானியும், போர்த்துக்கீசிய மொழியும் கற்றுத் தேர்ந்தார். 1760 இல் இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணம், கொழும்பு முதலிய இடங்களிலுள்ள சபைகளையும் கண்டு வந்தார்.

1762 இல் திருச்சிராப்பள்ளிக்குச் சென்று அங்கே பணியைத் தொடங்கினார். பழைய கட்டடம் ஒன்றன் சிற்றறையே அவருக்கு இல்லம்; சோறும் காய்கறியுமே உணவு. வெடிமருந்துச் சாலை வெடித்ததனால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை அமைத்தார். 1766 இல் அங்கே கிறிஸ்து ஆலயம் கட்டி முடிக்கப்பெற்றது. கோட்டைப் படையினருக்குக் குருவாயிருந்ததற்கென ஆண்டொன்றுக்கு 100 பவுன் கிடைத்தது. அதிற் பெரும்பகுதி மிஷன் வேலைக்கே சென்றது. இல்லறம் மேற்கொள்ளாத அவருக்குத் தமக்கென வேண்டியது மிகச் சிறிதே.

மைசூர்த் தூது

1778 இல் தஞ்சாவூரை நிலையான இருப்பிடமாகக் கொண்டார். மறு ஆண்டே அவருக்கு ஒரு பெருஞ்சோதனை வந்தது. சென்னைக் கவர்னராயிருந்த ரம்போல்டு என்பவர், மைசூர் அதிபதி ஐதர் அலியினிடம் தூது செல்லுமாறு ஐயரை வேண்டினார். குருவானவர் அரசியலிற் புகலாமோ என்னும் ஐயம் அவருள்ளத்தில் எழுந்தது. போர் நேராமற் காத்தல் இறைவனுக்கு உவப்பானதே என்றும், தூதுக்கெனக் கூலி எதுவும் பெறலாகாது என்றும் துணிந்து சென்றார்.

சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மரியாதையோடு ஏற்றார். கம்பெனியார் உடன்படிக்கைகளை மீறிய வகைகளை எடுத்துரைத்தார். ஐயர் அவற்றை உள்ளவாறே சென்னைக்குத் தெரிவித்தார். ஆயினும் பயன் விளையவில்லை. 1780 இல் ஐதரின் படை கருநாடகத்தின்மேற் பாய்ந்தது. வழிச்செலவிற்கென ஐதர் அளித்த 300 ரூபாயையும் ஐயர் தமதென்று கொள்ளவில்லை. கம்பெனியாரிடம் ஒப்புவிக்க முயன்றார். அவர்கள் பெற மறுக்கவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பாடசாலைக்கு அதனை முதலாக்கினார். நாடெங்கும் போர்த்தீ மூண்ட காலத்திலும், அவ்வெள்ளைக் குருவை ஒருவரும் தடுக்கலாகாது என்று ஐதர் தம் படையினருக்குக் கட்டளையிட்டிருந்தார். தூது தோற்றது, தூதரின் நேர்மை தோற்கவில்லை.

பஞ்சகாலத்துப் பணி

போரோடு பஞ்சமும் தஞ்சையிற் புகுந்தது. கோட்டைக்குள்ளே களஞ்சியம் வெறுமையாயிற்று. வெளியே குடியானவரிடம் நெல் இருந்தும், முன்னே கொண்டுவந்த தானியத்திற்கு விலை பெறாது ஏமாற்றம் அடைந்தவராகையால், மாடும் வண்டியும் தர மறுத்தனர். அரசரின் ஆணை பலிக்கவில்லை. கம்பெனியாரின் வாக்கும் பலிக்கவில்லை. பணம் உறுதியாய்க் கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் ஐயர் தம் சொல்லைப் பிணையாக வைத்தார். உடனே ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. சில நாட்களில் 80,000 கலம் நெல் கோட்டைக்குட் புகுந்தது. சொன்னபடியே அனைவருக்கும் பணம் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. இதனுடன், விலை மலிவாயிருந்த காலத்தில் தாம் வாங்கி வைத்திருந்த நெல்லைக் கொண்டு பசித்தோர் பலருக்கு அன்னமிட்டார்.

பின்னொரு சமயம், அதிகாரிகளின் கொடுமை தாளாமல் காவிரிக்கரைக் குடிகள் நிலங்களை விட்டு ஓடினர். ஐயர் ஆளனுப்பி அபயமளித்து அழைக்கவே, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்து ஏரைப் பூட்டினர் என்று அறிகிறோம். சேனையால் ஆகாதது ஒரு சொல்லால் ஆயிற்று.

பாளையங்கோட்டை

தெற்கே நெல்லை நாட்டுச் சபைக்கும் இவரே அடிகோலினார். குளோரிந்தாள் என்னும் மராத்தியப் பிராமண விதவை ஞானஸ்நானம் வேண்டினார். அவர் ஓர் ஆங்கிலப் படைத்தலைவரோடு மணமின்றி வாழ்ந்த காலத்தில் ஐயர் அதற்கு இசையவில்லை. அப்படைத்தலைவர் இறந்தபின், 1778 இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்தார். அவ்வம்மையார் எழுப்பிய ஆலயத்தை 1785 இல் ஐயரே பிரதிஷ்டை செய்தார். 1790 இல் சத்தியநாதன் என்னும் தமிழருக்குக் குருப்பட்டம் அளித்து, அச்சபையைப் பேணுமாறு தெற்கே அனுப்பினார். பாளையங்கோட்டையிற் பிறந்த வேதநாயகம் என்னும் சிறுவனைப் பன்னிரண்டாம் பிராயத்தில் தஞ்சைக்கு அழைத்துவந்து கற்பித்தவரும் இவரே. பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் அச்சிறுவரே என்பதைத் தமிழுலகம் நன்கறியும்.

தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பாடசாலைகள் அமைவதற்கும் ஐயர் காரணராயிருந்தார். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அவற்றிற் பயின்றனர்.

சரபோஜியின் தந்தை

1787 இல் துளஜா மன்னர் மரணப்படுக்கையில் இருந்தார். பத்து வயதுச் சிறுவராகிய சரபோஜியைச் சுவீகாரம் செய்து, பிள்ளையைக் காக்கும் பொறுப்பையும் நாட்டைக் காக்கும் பொறுப்பையும் ஐயரிடமே ஒப்புவிக்க விரும்பினார். ஓர் இராச்சியம் கைக்கெட்டியும் ஐயர் அதனை ஏற்கவில்லை. மன்னரின் சகோதரராகிய அமர்சிங்கை அப்பொறுப்பில் அமர்த்துமாறு கூறினார். நல்லெண்ணத்தோடு கூறிய அவ்வாலோசனை தீங்காய் முடிந்தது. துளஜா இறந்தபின், சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர் சிலர் கூற, கம்பெனியார் அதனை ஏற்று, அமர்சிங்கையே அரசராக்கினர். சரபோஜி கல்வியின்றி, வெளிச்சமும் அற்ற அறையிற் சிறைப்பட்டவர்போல வைக்கப்பட்டார்.

ஐயர் வாளாவிருக்கவில்லை. சென்னை அரசாங்கத்தாருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். 1793 இல் சரபோஜியும் துளஜாவின் தேவியரும் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கே கெரிக்கே ஐயர் இளவரசருக்குக் கல்வி புகட்டினார். சுவீகாரத்தைப் பற்றி வேறு பண்டிதர்களையும் கேட்டறிந்தபின், சரபோஜியின் உரிமையே நேரியது எனத் தெளிவாயிற்று. 1798 இல் அவர் அரியணை ஏறினார். அம்முடிசூட்டைக் காணும் பேறு ஐயருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் 13 ஆம் நாள் அவர் தஞ்சையிலே இறைவனடி சேர்ந்திருந்தார். சரபோஜி வந்து காணும்வரை அடக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது. வந்த இளவரசர் கண்ணீர் சொரிந்து, பொன்னாடை போர்த்திச் சவத்தின் பின் நடந்தார். கல்லறைமேற் பொறிக்க ஆங்கிலச் செய்யுள் ஒன்றையும் தாமே இயற்றினார்.

ஐயர் தம்மாணாக்கரைக் கிறிஸ்தவராக்கவில்லை; அவ்வாறு ஆக்குமாறு வற்புறுத்தவும் இல்லை. சரபோஜி இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். சரசுவதி மகால் நூல்நிலையத்தை வளர்த்து, அச்சுக்கூடம் நிறுவி, கல்விக்கும் மருத்துவத்திற்கும் அவர் செய்த தொண்டில், அவர் பெற்ற பயிற்சியின் ஒளி வீசுகின்றது.

சீர்தூக்கல்

பெரியோர் சரிதம் எழுதுவோர் அவர்தம் குறைகளை மறைத்தல் முறையன்று. அக்காலத்துச் சபைகளிலே சாதியார் வெவ்வேறாக அமர்ந்திருந்ததை ஐயர் பொறுத்துக்கொண்டார். மெல்ல மெல்ல அன்பினால் அது கரையும் என நம்பினார். அது கரையவில்லை. 1833 இல் தானியேல் வில்சன் அத்தியட்சர் அதனைக் கடிந்து நிருபம் எழுத நேர்ந்தது. அதன் வடுக்கள் இன்னும் முற்றும் ஆறினவாகத் தோன்றவில்லை.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. சரபோஜி அரசரான மறு ஆண்டே, 1799 இல், ஓர் உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனியார் கைக்கு மாறியது; மன்னருக்குக் கோட்டையும் மானியமுமே எஞ்சின. ஐயர் ஒரு சிறுவரைச் சிறையினின்று மீட்க முயன்றார். அம்முயற்சியைக் கம்பெனியார் தம் ஆதாயத்திற்குப் பயன்படுத்திக் கொண்டனர். அவருடைய நற்பெயர் வல்லோர் கைக்கருவியாயிற்று என்று கூறுவாரும் உளர். அக்கூற்றை முற்றும் தள்ளுதற்கில்லை. ஆயினும் இருள் அறையிற் கிடந்த பிள்ளையை, பின்விளைவு யாதாகுமோ என்று அஞ்சி, அவ்வாறே விட்டிருத்தல் தகுமோ? தக்கதன்று என்பதே எம் துணிபு. வல்லோருக்கு வாக்குப் பிணை நிற்பவன் தன் கைகளைத் தூய்மையாய் வைத்திருந்தால் மாத்திரம் போதாது, அவர் கைகள் எங்கே நீளும் என்பதையும் உணர்ந்திருத்தல் வேண்டும் என்பது அவர் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

இனி, முதலிற் கூறிய இரு சிற்பங்களையும் மீண்டும் நோக்குவோம். சென்னையிலுள்ளதை இளைய பேக்கன் என்னும் சிற்பி செதுக்கினார். மரணப்படுக்கையிற் கிடக்கும் ஐயரைச் சிறுவர் சூழ்ந்து நிற்க, மேலே தேவதூதன் சிலுவையைத் தாங்கித் தோன்றுகின்றான். தஞ்சையிலுள்ளதைப் பிளாக்ஸ்மன் என்னும் சிற்பி செதுக்கினார். அதிலும் மரணப்படுக்கையே, ஆனால் அதில் அரசர் ஒருவர் அருகணைந்து, சாகின்றவரின் கையைத் தம் கையிற் பற்றி நிற்கின்றார். முன்னது தமக்கு உதவியவருக்குக் கம்பெனியார் செலுத்திய நன்றி. பின்னது தந்தைக்கு மைந்தன் செலுத்திய நன்றி.

தாம்பரம், பள்ளிக்கரணை முதலிய நம் சுற்றூர்களில் வாழும் மாணவர், மின்சார ரெயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கின், சிறிது நேரத்தில் முன்னதைக் கண்டு வரலாம். விடுமுறையில் தஞ்சைக்குச் செல்வோர், பெரிய கோயிலுக்கு அண்மையிலேயே உள்ள அவ்வாலயத்திற் பின்னதையும் காணலாம். ஒரே முகத்தை இரு சிற்பிகள் செதுக்கிய வகையை ஒப்பிட்டு நோக்குவோர், எந்தக் கையைப் பற்றியவராகத் தாம் நினைக்கப்பட வேண்டும் என்பதைத் தமக்குள்ளே வினவிக்கொள்வாராக.