கணக்கேட்டைப் புரட்டிய குயவர்

இங்கிலாந்தின் பர்ஸ்லம் ஊரில் குயவர் குடும்பமொன்றில் 1730இல் பிறந்தவர் ஜொசாயா வெட்ஜ்வுட். அம்மை நோயால் பழுதடைந்த வலது காலை 1768இல் இழந்தார். அடுத்த ஆண்டே எத்ரூரியா என்ற பெரிய தொழிற்சாலையைத் திறந்தார்.

புதிய கலவைகளைத் தேடிய அவர், சோதனைத் துண்டுகளுக்கு இலக்கமிட்டுப் பதிவேட்டில் எழுதிவந்தார். சரிவராதவையும் அதில் இருந்தன. ஆயிரக்கணக்கான சோதனைகளின் பின்னரே, 1770களில், ஜாஸ்பர் என்ற புதுவகைப் பாண்டம் கைகூடியது. சூளையின் வெப்பத்தைக் கண்ணால் மதிப்பிட்ட காலத்தில், களிமண் துண்டு சுருங்கும் அளவைக்கொண்டு அதை அளக்கும் கருவியையும் பின்னர் செய்தார். 1783இல் றோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

கணக்கியல் படித்த எம்மை அதிகம் ஈர்ப்பது 1772ஆம் ஆண்டு. கடன் நெருக்கடியால் விற்பனை சரிந்து சரக்குத் தேங்கியது. அவர் பொருள்வாரியாகச் செலவைக் கணக்கிட்டார். எவ்வளவு செய்தாலும் வாடகை, அச்சு போன்ற செலவுகள் மாறுவதில்லை என்பது தெரிந்தது. கூடுதலாகச் செய்தால் ஒன்றின் அடக்கவிலை குறையும். நடுத்தர மக்களுக்கும் விற்கலாம். கணக்குகள் பொருந்தாததால் தலைமை எழுதுவினைஞரின் மோசடியும் வெளிப்பட்டது.

வெட்ஜ்வுட் 1795இல் மறைந்தார். புலம்பெயர் மண்ணில் எம்மவர் பலர், முதல் கடையின் உண்மையான இலாபம் தெரியாமலே இரண்டாவதைத் திறக்கிறோம். சேமிப்பும் நகையும் அதில் போகின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்குமுன், பழைய கணக்கைச் சரிபார்ப்போம்.