வேலைக்கும் போனார், உலகையும் ஜெயித்தார்: யார் இந்த பாபி ஜோன்ஸ்?

வாரம் முழுக்க வேலை. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும் ரெண்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டை எவ்வளவு தூரம் கற்றுக்கொள்ள முடியும்? பொழுதுபோக்கு அளவுக்குத்தான் என்று நினைப்போம். ஆனால், கோல்ஃப் வரலாற்றின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர், போட்டிகளில் பரிசுப் பணமே வாங்காத அமெச்சூர். அவர்தான் பாபி ஜோன்ஸ்.

பார்த்தே பழகிய ஸ்விங்

1902-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்தார். சின்ன வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். ஈஸ்ட் லேக் கோல்ஃப் மைதானம் பக்கம் குடும்பம் தங்கியபோது, அங்கிருந்த ஸ்காட்லாந்து பயிற்சியாளர் ஸ்டூவர்ட் மெய்டன் பின்னாலேயே சுற்றினார். முறையான வகுப்பு எதுவும் கிடையாது. மெய்டன் மட்டையை வீசுவதைப் பார்ப்பார், அப்படியே செய்து பார்ப்பார். அவ்வளவுதான்.

அப்போது மட்டைகளின் தண்டு ஹிக்கரி மரத்தால் ஆனது. அவசரப்பட்டு வீசினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், பந்து திசை மாறும். அதனால் பலத்தைவிடத் தாளம்தான் முக்கியம். ஜோன்ஸின் நீளமான, நிதானமான ஸ்விங் அந்தத் தாளத்தில் உருவானது.

உண்மையான எதிரி யார்?

14 வயதிலேயே, 1916-ல், மெரியனில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் காலிறுதி வரை போனார். ஆனால், அடுத்த ஏழு வருடம் பெரிய பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. குறை ஸ்விங்கில் இல்லை, கோபத்தில் இருந்தது. ஒரு ஷாட் தவறினால் மட்டை பறக்கும். 1921-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில், மணல் குழியில் பந்து சிக்கிய எரிச்சலில் பாதியிலேயே விலகினார். அந்த அவமானம் அவரை மாற்றியது. 1923-ல், 21 வயதில், யு.எஸ். ஓப்பனை வென்றார்.

பட்டிங்கை மாற்றிய பாடம்

பந்தைக் குழிக்குள் மெதுவாக உருட்டுவதுதான் பட்டிங். ஜெயித்த பிறகும் அவருக்கு அதில் திருப்தி இல்லை. 1924-ல் வால்டர் டிராவிஸிடம் யோசனை கேட்டார். டிராவிஸும் அமெச்சூர்தான். 30 வயதைத் தாண்டிக் கோல்ஃப் தொடங்கி சாம்பியன் ஆனவர். பாதங்களை நெருக்கி வை, இடது ஆள்காட்டி விரலை வலது கை விரல்கள் மேல் படியவிடு என்றார். ஒரு கை மற்றதை மீறாமல் இருக்க இந்தப் பிடி உதவும். ஜோன்ஸ் பழகிக்கொண்டார். 1929 யு.எஸ். ஓப்பனின் கடைசிக் குழியில் சுமார் 12 அடி பட்டிங் உள்ளே போனது. ஆட்டம் சமன். பிறகு நடந்த பிளேஆஃபில் 23 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார்.

தானே கேட்ட தண்டனை

1925 யு.எஸ். ஓப்பனில், அடிக்கத் தயாரானபோது பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. தனக்குத்தானே ஒரு ஸ்ட்ரோக் அபராதம் போட்டுக்கொண்டார். அந்த ஒரு ஸ்ட்ரோக் இல்லாவிட்டால் பட்டம் நேராக அவருக்கே. ஆனால், ஆட்டம் சமனாகி, பிளேஆஃபில் தோற்றார்.

28 வயதில் விடை

இதற்கிடையே பொறியியல், ஆங்கில இலக்கியம் ரெண்டிலும் பட்டம் வாங்கினார். சட்டம் படித்து வழக்கறிஞரும் ஆனார். 1930-ல் பிரிட்டன், அமெரிக்கா இரு நாடுகளின் ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே வருடத்தில் வென்றார். கடைசி வெற்றி கிடைத்தது, 14 வயதில் ஆடிய அதே மெரியனில். அத்தோடு போட்டிகளிலிருந்து ஓய்வு. கோல்ஃப் கற்றுத்தரும் குறும்படங்களில் நடித்தார், அகஸ்டா மைதானத்தை உருவாக்கினார். இன்றைய மாஸ்டர்ஸ் போட்டி 1934-ல் அங்கேதான் தொடங்கியது.

1948-க்குப் பிறகு, தண்டுவட நோயால் மட்டையைத் தொட முடியவில்லை. 1971-ல் மறைந்தார்.

வார இறுதியில் மட்டை பிடிப்பவருக்கு அவர் வாழ்க்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்விங் சிறுவயதிலேயே கைக்கு வந்துவிட்டது. பட்டிங்கைச் சரிசெய்ய ஒரு நல்ல யோசனை போதுமானதாக இருந்தது. கோபத்தை அடக்கத்தான் ஏழு வருடம் ஆனது.