கண்ணாடி நூலில் கார் செய்தவர்

மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன் ஒருவன் எழுதியது

மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் எடிசன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு என்று பெரியவர்கள் வரிசையாக வருவார்கள். அவர்களைப் பற்றி நமக்கு ஸ்கூல் புத்தகத்திலேயே தெரியும். நான் எழுதப்போவது அவர்களுக்குப் பின்னால் வந்த ஒருவரைப் பற்றி. ரேஸ் பார்க்கிற பசங்களுக்கு இவர் பேர் மனப்பாடம். மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர்தான் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். ரேஸ் உலகத்தில் செல்லமாக 'கரி'.

நம்ம ஊரில் இருந்து பெங்களூர் ரோட்டில் மெட்ராஸ் பக்கம் போனால், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. அந்த டிராக்கில் ஓடிப் பழகிய பிள்ளைகள் பலர் உட்கார்ந்த கார், இவர் செய்த கார். அதனால் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரன் என்ற முறையிலும் இவரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

நூல் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் 1954-ல் பிறந்தார். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். 1910-ல் தொடங்கிய அந்த மில் இன்றும் கோவையில் ஒரு அடையாளம். எங்க வீட்டிலும் நூல்தான் சோறு போடுகிறது. ஆனால் எங்களுடையது ஒரு குழித்தறி, அவர்களுடையது ஆலை. வித்தியாசம் பெரிசு. வசதியான வீட்டில் பிறந்தவர், மில்லை மட்டும் பார்த்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். அவருக்கு மனசு முழுக்க கார். ஓட்டுவது மட்டும் இல்லை, கழற்றுவது, மாற்றுவது, புதிதாகக் கட்டுவது.

அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. வருடா வருடம் அங்கே திருவிழா மாதிரி கூட்டம் கூடும். ஆனால் போட்டியிட்டவர்கள் யார்? வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த ரேஸ் காரை இறக்குமதி செய்யத் தெம்புள்ளவர்கள். மற்றவர்கள் அம்பாசடர், ஃபியட் காரை வைத்துக்கொண்டு தங்களால் முடிந்த வேலையைச் செய்தார்கள். திறமை இருந்தும் பணம் இல்லாத பையன் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்ட வேண்டியதுதான்.

கரியும் பணக்காரர்தான். தனக்கு ஒரு நல்ல கார் வாங்கிக்கொண்டு ஜெயித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் அதோடு நிற்கவில்லை. 'சூப்பர் ஸ்பீட்ஸ்' என்ற பெயரில் ஒரு அணி நடத்தினார், இளைஞர்களைத் தேடிப் பிடித்து ஓட்ட வைத்தார். அதற்கும் மேலே போய், எல்லாரும் ஓட்டக்கூடிய ஒரு ரேஸ் காரையே செய்யலாம் என்று இறங்கினார்.

மாருதி எஞ்சின், கண்ணாடி இழை உடம்பு

1988-ல் வந்தது ஃபார்முலா மாருதி. ஒருவர் மட்டும் உட்காரும் கார், சக்கரம் நான்கும் உடம்புக்கு வெளியே. உள்ளே நம்ம மாருதி 800-ன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். எலும்புக்கூடு இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துக் கட்டிய ஃபிரேம். மேலே போர்த்திய தோல் ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடி இழை.

இதில் எந்தப் பொருளும் ராக்கெட் சமாச்சாரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் பார்ட்ஸ் தெருமுனைக் கடையில் கிடைக்கும். குழாய் வெல்டிங் நம்ம ஒர்க்‌ஷாப்பிலேயே தெரியும். ஃபைபர் கிளாஸ் வேலை தண்ணீர்த் தொட்டி செய்பவர், படகு செய்பவர், பஸ் பாடி கட்டுபவர் எல்லாருக்கும் பழக்கம். சனிக்கிழமை பிராக்டிஸில் மூக்கு உடைந்தால், உடைந்த இடத்தைத் தேய்த்து, மேட் வைத்து, ரெசின் பூசி, ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு நிறுத்தலாம்.

இத்தனைக்கும் கார்பன் இழை அப்போதே உலகத்தில் வந்துவிட்டது. 1981-லேயே மெக்லாரன் அணி முழுக் கார்பன் கூடு வைத்த ஃபார்முலா ஒன் காரை ஓட்டியது. ஆனால் நம் நாட்டில் 1988-ல் கார்பன் இழை என்றால் ராக்கெட், விமானம், அவ்வளவுதான். கரி அதற்காக ஏங்கிக் காத்திருக்கவில்லை. கையில் கிடைக்கிற பொருளால் ஒரு பந்தயத்தையே உண்டாக்கினார். அவர் வாழ்க்கையில் இருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்.

எங்க கிளாஸில் நடந்த சண்டை

இந்தப் பாடம் இந்த வருஷம் எங்களுக்கு நேரடியாகவே தேவைப்பட்டது. பிராக்டிகலுக்கு வைத்திருக்கும் பழைய மாருதி 800-ன் பானெட் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பிராஜக்ட்டுக்காக ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோம். புது பானெட் எதில்? பாதிப் பேர் கார்பன் ஃபைபர் என்றார்கள். கறுப்பாக, கட்டம் கட்டமாக, பார்த்தாலே கெத்து! மீதிப் பேர் ஃபைபர் கிளாஸ் போதும் என்றோம். போட்ட பணம் அப்பா அம்மா தறியிலும் கம்பெனி ஷிஃப்டிலும் சம்பாதித்தது. அதனால் வாய்ச்சண்டையை விட்டுவிட்டு கணக்கில் இறங்கினோம்.

காஞ்சிபுரம் பசங்களுக்கு இந்தப் பொருட்களைப் புரியவைப்பது சுலபம். பட்டுப் புடவையை பாவு வழியாகவோ ஊடை வழியாகவோ இழுத்துப் பாருங்கள், அசையாது. குறுக்கு மூலையாக இழுத்தால் கொடுக்கும். இழைத் துணியும் அப்படியேதான். பலம் நூல் ஓடும் திசையில். கண்ணாடியோ கார்பனோ, நூல் பாரம் தாங்குகிறது, ரெசின் நூலை இடத்தில் பிடித்து வைக்கிறது. துண்டு துண்டாக வெட்டிய இழையை எல்லாத் திசையிலும் தூவியது மேட். நெய்தது துணி. கார்பன் பானெட்டில் மினுங்கும் அந்தச் சாய்வுக் கோடு ட்வில் நெசவுதான், வேறு மாயம் இல்லை.

இப்போது கணக்கு. பானெட் மாதிரி தட்டையான தகட்டின் விறைப்பு, பொருளின் யங் குணகத்தையும் தடிமனின் முப்படியையும் பொறுத்தது. இரும்புத் தகடு 0.8 மி.மீ. என்று எடுத்துக்கொண்டோம். குணகம் இரும்புக்கு 200 கிகாபாஸ்கல், கையால் போட்ட கண்ணாடி மேட்டுக்குச் சுமார் 8, கார்பன் துணியும் எபாக்சியும் சேர்ந்ததற்குச் சுமார் 60. அதே விறைப்பு வர கண்ணாடி இழை 2.3 மி.மீ. வேண்டும், கார்பன் 1.2 மி.மீ. போதும். எடை பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு இரும்பு 6.3 கிலோ, கண்ணாடி இழை 3.5 கிலோ, கார்பன் 1.9 கிலோ.

நிஜ பானெட்டில் உள் சட்டம், கீல், பூட்டு எல்லாம் இருப்பதால் எண்கள் மாறும். ஆனாலும் விஷயம் தெளிவு. இரும்பிலிருந்து கண்ணாடி இழைக்கு வந்தால் 2.8 கிலோ குறைகிறது. அங்கிருந்து கார்பனுக்குப் போனால் இன்னும் 1.6 கிலோதான். பெரிய லாபம் முதல் படியிலேயே கிடைத்துவிடுகிறது, பெரிய செலவோ இரண்டாம் படியில் காத்திருக்கிறது! கார்பனை ஒழுங்காகச் செய்ய எபாக்சி, வேக்குவம் பை, சூடேற்றும் அடுப்பு என்று சாமான் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி இழைக்கு மோல்டு, மெழுகு, ஜெல்கோட், மேட், ரெசின், ஹார்டனர், ரோலர் போதும். முகமூடியும் கையுறையும் மறக்காதீர்கள், தூசி உடம்பெல்லாம் அரிக்கும்.

கடையில் வாங்குபவர்களுக்கு இரண்டு வார்த்தை. கார்பன் என்று விற்கும் பானெட் பலவற்றில் மேலே ஒரே ஒரு அடுக்குதான் கார்பன், அடியில் எல்லாம் கண்ணாடி இழை. திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள், தூக்கிப் பாருங்கள். கண்ணாடி இழை அடிபட்டால் வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். கார்பன் சில நேரம் வெளியே பளபளவென்று இருந்து உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டினால் மந்தமான சத்தம் கேட்கும் இடம் சந்தேகத்துக்குரியது. இன்னொன்று, கார்பன் மின்சாரம் கடத்தும். அது நேராக அலுமினியத்தையோ இரும்பையோ தொட்டு ஈரமும் பட்டால் அந்த உலோகம் சீக்கிரம் அரிக்கும். ஆகவே கீல் வைக்கும் இடத்தில் இடையே காப்பு வேண்டும்.

ரோட்டில் ஓடும் காருக்கு இதெல்லாம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். கம்பெனி பானெட் மோதும்போது நடுவில் மடங்கும்படி கணக்குப் போட்டுச் செய்தது. மடங்காத பானெட் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. எங்களுடையது காம்பவுண்டைத் தாண்டாத பிராக்டிகல் வண்டி. அதற்குக் கண்ணாடி இழை என்று ஓட்டுப் போட்டு முடித்தோம், நாங்களே எங்கள் கையால் செய்தோம்.

கார்பனுக்கு உரிய இடம்

அதற்காகக் கார்பனைக் குறைத்துப் பேசவில்லை. 1981 இத்தாலி கிராண்ட் பிரீயில் ஜான் வாட்சனின் மெக்லாரன் மோதிப் பிய்ந்து போனது. அவர் கார்பன் கூட்டுக்குள் இருந்து எழுந்து நடந்து வந்தார். உடையக்கூடிய பொருள் என்று சந்தேகப்பட்டவர்கள் அன்றைக்கு வாயடைத்தார்கள்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான் ஓட்டினார், மேடையும் ஏறினார். அவரே 2005-ல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு சீனாவில் அவர் கார் சுவரில் பயங்கரமாக மோதியது. ஆள் காயமில்லாமல் இறங்கினார். உயிரைப் பொத்தி வைக்கும் கூட்டுக்குக் கார்பன், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் அந்தக் கூட்டுக்குள் உட்காரும் அளவுக்கு அவரை வளர்த்ததில், இரும்புக் குழாயும் கண்ணாடி இழையும் கொண்ட கரியின் காருக்கும் பங்கு இருக்கிறது. 2010-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர்தான்.

பாதியில் நின்ற ஓட்டம்

இவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததைப் பார்க்கக் கரி இல்லை. 1995-ல் விமான விபத்து ஒன்றில் அவர் இறந்துபோனார். நாற்பதை ஒட்டிய வயது. இன்னும் எத்தனை கார் செய்திருப்பாரோ! 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த டிராக்குக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள். கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடந்திருக்கிறது. அவருக்கு இதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் எனக்குத் தோன்றவில்லை.

நண்பர்களே, டிப்ளமோ படிக்கிற நமக்கு நல்ல மெஷின் இல்லை, நல்ல மெட்டீரியல் இல்லை என்று ஒரு குறை எப்போதும் உண்டு. குறை நியாயமானதுதான். ஆனால் கையில் இருக்கும் பொருளின் குணத்தைக் கடைசி வரை தெரிந்துகொண்டவன் தோற்பதில்லை. அடுத்த வருஷம் இந்தச் சீட்டில் உட்காரப்போகும் ஜூனியர்களே, மோல்டு ஒர்க்‌ஷாப் பரணில்தான் இருக்கிறது. மெழுகு தடவி வைத்திருக்கிறோம். எடுத்து வேலையைத் தொடங்குங்கள்!